காலண்டர் என்னும் ஊர்

அற்புதராணி அந்த வீட்டுக்கு முதன்முறை நர்ஸ் டூட்டிக்குப் போன காலையில் வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஜனவரி மாதம். வளைகுடாவில் மனிதன் சட்டை நனையாமல் நடமாடக்கூடிய சொற்ப நாட்கள் அவை. ஜெபல் அலியில் துறைமுகம் தோண்டிக்கொண்டிருந்த காலம் அது. கடலடி மண்ணை உறிஞ்சிக் கரையில் துப்பும் கப்பல்களின் இரைச்சல் இரவும் பகலும் ஓயாது.

கம்பெனி பிக்கப்பை ஓட்டி வந்தவன் அவளுடைய தம்பி பத்திநாதன். உவரியில் வலை இழுத்துக்கொண்டிருந்தவனை அவள்தான் விசா வாங்கி இங்கே வரவழைத்திருந்தாள். அவளுடைய கணவன் இஸ்ரவேல் கடலுக்குப் போய்ப் படகும் திரும்பாமல் உடலும் ஒதுங்காமல் போனபின், தம்பியையும் அந்தக் கடலுக்குக் கொடுக்க அவளுக்கு மனமில்லை.

"யக்கா, இந்த வீடுதான். சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போறேன். வெள்ளைக்காரன் ஏதும் ஏசினாம்னா சொல்லு."

"பேச்சு போன மனுசன் எப்பிடில ஏசுவாரு? போ, உனக்கு நேரமாச்சு."

அதிகாரிகளின் மரவீடுகள் வரிசையாக இருந்தன. இந்த வீடு மட்டும் வரிசையை விட்டு விலகி, கடைசியில் தனியாக நின்றது. அதற்கப்பால் மணல். மணலுக்கப்பால் ஒன்றுமில்லை.

கதவைத் திறந்தவர் சமையல்காரர் மீராசா, காயல்பட்டினத்துக்காரர். உள்ளே கால் வைத்ததும் அற்புதராணிக்குக் கண் தெரியவில்லை. எல்லா ஜன்னல்களிலும் கம்பளிகளை மடித்து ஆணியடித்திருந்தது. கதவிடுக்குகளில் துண்டுகளைச் சுருட்டித் திணித்திருந்தது. மருந்து நெடியோடு, அடைத்துக் கிடந்த வீட்டின் புழுக்கம்.

"மணல்காத்துக்கா பாய் இதெல்லாம்?"

"மணலுக்கு இல்ல சிஸ்டரம்மா. பனிமூட்டத்துக்கு. சாப் கை கால் விழுறதுக்கு முந்தி, அவரே அடிச்ச ஆணி."

"பாலைவனத்துல ஏது பாய் பனி?"

"குளிர்காலத்துல கடக்கரையோரம் எறங்கும். அது தெரியாமத்தான் சாப் இங்க வந்துட்டாரு." மீராசா முன்னால் நடந்து படுக்கையறைக் கதவைத் திறந்தார்.

மீராசா சாப் என்று சொன்ன எஞ்சினியர் டங்கன் மெக்னாப் படுக்கையில் கிடந்தார். அறுபதைத் தாண்டிய பெரிய உடம்பு. வலது பக்கம் முழுக்க மரமாகிப் போயிருந்தது. இடது கண் மட்டும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் தலையணையைச் சரிசெய்தபோது அவர் வாய் கோணி, வெகு சிரமப்பட்டு ஒரு சொல் வெளியே வந்தது.

"காலண்டர்."

அவள் சுவரில் மாட்டியிருந்த கம்பெனி காலண்டரைக் கழற்றி வந்து காட்டினாள். கப்பல் படம் போட்ட காலண்டர். தேதி கேட்கிறார் என்று நினைத்து அன்றைய நாளை விரலால் தொட்டாள். அவர் இடது கையால் அதைத் தட்டிவிட்டார். மறுபடியும் "காலண்டர்" என்றார். கண்ணோரம் நீர் வழிந்தது.

வாசலில் நின்ற மீராசா, "அது தேதி இல்ல சிஸ்டரம்மா, அவரு ஊரு பேரு" என்றார்.

மத்தியானம் மெக்னாப் தூங்கியபின், அடுக்களையில் தேநீர் ஆற்றிக்கொண்டே மீராசா அந்த ஊரைப் பற்றிச் சொன்னார். பல ஆண்டுகள் உள்நாட்டுப் பாலைவனங்களில் மெக்னாப்போடு கூடாரம் கூடாரமாகச் சுற்றியவர் அவர்.

"ஸ்காட்லாந்துல சின்ன ஊராம். ஒத்தத் தெரு, ஒரு ஆறு, ஒரு பாலம். கம்பளி விக்கிற கடை, டீக்கடை. நமக்குக் குத்தாலம் போறதுக்குத் தென்காசி மாதிரின்னு வச்சுக்கங்க. மலை பாக்கப் போற சனம் எல்லாம் அங்கதான் பஸ்ஸ விட்டு எறங்கும். டீ குடிக்கும், படம் எடுக்கும், மலையேறும். ஊரத் தாண்டினா மலைதான். ஊருக்குப் பட்டப்பேரே மலைவாசலாம்."

"நல்ல ஊராத்தான இருக்கு."

"ஊரு நல்ல ஊருதான். சாப்போட வீடு தெருவுல கடைசி வீடு." மீராசா குரலைத் தாழ்த்தினார். "மலையேறிப் பனியில சிக்கித் திரும்பாத ஆளுங்க உண்டுல்ல? பனி எறங்கினா அவங்களும் எறங்குவாங்களாம். கடைசி வீட்டு வரைக்கும். வந்து பேரச் சொல்லிக் கூப்பிடுவாங்களாம். சாப்போட வாப்பா அப்பிடித்தான் எந்திரிச்சுப் போனாரு. பெறகு தம்பி, சின்னப் பையன். அதுக்கப்புறம் இவரு அந்த மண்ணுல நிக்கல. மலையில்லாத, மழையில்லாத, பனியில்லாத தேசம் எதுன்னு பாத்துப் பாத்து வேலைக்கு வந்த மனுசன். ஜெபல்னா மலைன்னு யாரோ சொல்லிட்டாங்க, இங்க மாத்தல் வந்தப்ப அவருக்குச் சோறு எறங்கல. ஒரு மண்மேட்டக் காட்டி, இதுதான் சாப் மலைன்னு நாந்தான் சிரிக்க வச்சேன். பனியப் பத்தி எனக்கும் அப்பத் தெரியாது."

"பெறகு?"

"போன மாசம் முதத் தடவ பனி எறங்குச்சு, பாத்ததும் ஓடியோடிக் கம்பளிய வச்சு ஆணியடிச்சாரு. அன்னைக்கு விழுந்ததுதான் இந்தக் கையும் காலும்."

அற்புதராணி சிலுவை போட்டுக்கொண்டாள். ஆனால் நம்பவில்லை. பக்கவாதத்துக்கு ரத்தக் கொதிப்பு போதும், பேய் வேண்டியதில்லை என்று நர்சிங் படித்த அவளுக்குத் தெரியும்.

டாக்டர் சிவசங்கரன் மறுநாள் வந்து பார்த்தார். திருச்சிக்காரர், நல்ல மனிதர். மெக்னாப்பின் தோளைத் தட்டி, காலண்டருக்கு அனுப்பி வைக்கிறோம், அடுத்த வாரமே விமானம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்ற அற்புதராணியின் மணிக்கட்டை மெக்னாப்பின் இடது கை இறுகப் பற்றியது. நகம் பதிந்தது.

வாசலில் அவள் டாக்டரிடம் சொன்னாள். "டாக்டர், அவரு ஆசைப்பட்டு அந்தப் பேரச் சொல்லல. பயந்து சொல்றாரு."

"சிஸ்டர், பேச்சு போனவங்க முகத்துல ஆசை எது, பயம் எதுன்னு யாரால சொல்ல முடியும்? சாகறதுக்குள்ள சொந்த மண்ண மிதிக்கட்டும். நாம செய்யக்கூடிய புண்ணியம் அதுதான்."

அந்த வாரத்திலேயே பனி இறங்கியது.

காலையில் கேம்ப் அறைக் கதவைத் திறந்தவளுக்கு எதிர் அறை தெரியவில்லை. பத்திநாதன் விளக்கைப் போட்டுக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, ஆள் நடக்கும் வேகத்தில் வண்டியை ஓட்டினான். சைட்டில் வேலை நின்றுபோயிருந்தது. கப்பல்களின் இரைச்சல்கூட இல்லை. அவளை இறக்கிவிட்டு வண்டி நகர்ந்ததும் பின்விளக்குகளைப் பனி விழுங்கிக்கொண்டது.

உள்ளே மீராசா அடுக்களையில் ஒடுங்கி உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கதவை மூடச் சொல்லிக் கையை மட்டும் காட்டினார்.

வீடு சில்லிட்டுக் கிடந்தது. ஏசி ஓடவில்லை.

பிறகு வாசனை வந்தது. கடல் வாசனையில்லை. நனைந்த இலைகள் அழுகும் வாசனை, பாசி பிடித்த கல்லின் வாசனை, அதனூடே ஈரமண்ணைக் காயவைத்து எரித்தாற்போல ஒரு புகை. மழை பெய்தே பல மாதங்களாகியிருந்த மணல்வெளியில்.

பிறகு சத்தம்.

முதலில் அவள் அதைக் கடல் என்றுதான் நினைத்தாள். ஆனால் கடற்கரையில் பிறந்தவளின் காது அது. கடலுக்கு மூச்சு உண்டு. வரும், போகும், நடுவில் ஒரு கணம் அடங்கும். இது அடங்கவேயில்லை. கற்களின்மேல் விழுந்து புரண்டு ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருந்தது.

ஆறு.

மெக்னாப்பின் கண் கதவைவிட்டு அசையவில்லை. உதடு மட்டும் அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது, சத்தமில்லாமல்.

வெளியே யாரோ நடந்து வந்தார்கள். சரளைக்கல்லில் பூட்ஸ் நெரியும் ஒலி. வீட்டைச் சுற்றி முழங்கால் புதையும் மணல்தான் என்பது அவளுக்குத் தெரியும்.

நடை வாசலில் நின்றது.

"டங்கன்" என்று ஒரு குரல் கூப்பிட்டது. குரல் உடையாத சிறுவனின் குரல். கோபமில்லை, அவசரமில்லை. விளையாடக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

மெக்னாப் கண்ணை மூடிக்கொண்டார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அருள்நிறை மரியே சொல்லத் தொடங்கினாள். பாதியில் வேறொரு குரல் கேட்டது.

"அற்புதம்."

வீட்டில் எல்லோருக்கும் அவள் ராணி. அற்புதம் என்று அவளைக் கூப்பிட்டவன் இஸ்ரவேல் ஒருவன்தான்.

"அற்புதம், கதவத் தெற. நனஞ்சு போயிருக்கேன்."

அவள் எழுந்ததும் நடந்ததும் அவளுக்கு நினைவில்லை. திணித்திருந்த துண்டைக் காலால் ஒதுக்கியது நினைவிருந்தது. தாழ்ப்பாளின் இரும்பு விரலைச் சுட்டது, அவ்வளவு குளிர். கையளவு திறந்தாள்.

மணல் இல்லை.

கறுத்துப்போன ஒரு கல்சுவர், அதன்மேல் பச்சைப் பாசி. சுவரை ஒட்டி ஈரமான ஒரு பாதை செங்குத்தாக மேலே ஏறிப் பனிக்குள் மறைந்தது. பாதையில் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் முகம் தெரியவில்லை. எல்லோரும் வீட்டைப் பார்த்தபடி நின்றார்கள் என்பது மட்டும் தெரிந்தது. முன்னால் நின்றவனின் தோள் சரிவை அவளுக்குத் தெரியும். துடுப்புப் போட்டுப் போட்டு இடது தோள் தாழ்ந்த உடம்பு அது.

"வா அற்புதம். இன்னும் கொஞ்சம் தூரந்தான்."

அவள் ஒரு காலை வெளியே எடுத்து வைத்தாள்.

பின்னால் எதுவோ கனமாக விழுந்தது. தரையில் தேய்ந்தது. அவளுடைய கணுக்காலை ஒரு கை பிடித்து உள்ளே இழுத்தது. மெக்னாப். கட்டிலிலிருந்து விழுந்து, செத்த பாதி உடம்பை ஒற்றைக் கையால் இழுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் வந்திருந்தார். மூக்கிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

அவள் கதவை அறைந்து சாத்தினாள்.

வெயில் ஏறியதும் பனி விலகியது. திறந்து பார்த்தால் வழக்கமான மணல், பிக்கப்பின் சக்கரத்தடம், தூரத்தில் கிரேன்கள்.

நடந்ததை அவள் தம்பியிடம் சொல்லியிருக்கக் கூடாது. அன்று சாயங்காலம் வண்டியில் ஏறியதும் உடைந்து அழுதாள். அவன் வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கேட்டான். அவள் சொல்லிவிட்டாள்.

பத்திநாதன் எஞ்சினை அணைத்தான். அவனுக்கு நீச்சல் பழக்கியதும் படகோட்டப் பழக்கியதும் இஸ்ரவேல்தான். அப்பா முகம் பார்க்காமல் வளர்ந்தவனுக்கு அத்தான்தான் எல்லாம்.

"அத்தான் ஒடம்பு கெடைக்கவே இல்லியேக்கா. ஒருவேள உசுரோட…"

"ஏலே, பைத்தியமா ஒனக்கு? உவரிக் கடல்ல போனவரு இங்க எப்பிடில வருவாரு? அது அவரில்ல. அது வேற."

"நீ தோளப் பாத்தேன்னியே."

"பாத்தேன். அதாம்ல சொல்லுதேன், அது அவரில்ல."

அவன் தலையாட்டினான். அவன் நம்பவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

விமானத்துக்குக் குறித்த நாளும் வந்தது. விடியும்போது பனி ஜன்னலில் ஒட்டிக்கொண்டிருந்தது. போன தடவையைவிட அடர்த்தி. வெயில் வரட்டும், அப்புறம் கிளம்பலாம் என்று அவள் டாக்டரிடம் கெஞ்சினாள். வழியெல்லாம் பனிதான், மெதுவாகத்தான் போக வேண்டும், அதனால் இப்போதே கிளம்பினால்தான் விமானத்தைப் பிடிக்கலாம் என்றார் அவர். மெக்னாப்பை ஸ்ட்ரெச்சரில் போட்டுக் கட்டினார்கள். அவர் எதிர்க்கவில்லை. பற்கள் மட்டும் கிட்டிப் போயிருந்தன.

பத்திநாதன் வண்டியை வாசலோடு ஒட்டி நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் உள்ளே வந்தான்.

"யல்லா, தூக்குவோம்" என்று குனிந்தவன் அப்படியே நின்றான்.

ஆற்றுச் சத்தம் கேட்டது.

"பத்தி, காதப் பொத்திக்கடே" என்றாள் அவள்.

"மச்சான்" என்று வெளியே யாரோ கூப்பிட்டார்கள். அவளுக்கும் கேட்டது. கரையிலிருந்து படகுக்குக் கூப்பிடுகிற மாதிரி, இழுத்து, சிரிப்போடு. "ஏ மச்சான்!"

பத்திநாதனின் முகம் மலர்ந்தது. அதுதான் பிற்பாடு அவளைத் தூங்கவிடாமல் செய்தது. பயந்து போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"யக்கா, அத்தான்!"

அவள் சட்டையைப் பிடித்தாள். கிழிந்த துணி அவள் கையில் நின்றது. அவன் வாசலைத் தாண்டி ஓடினான். வெண்மை அவன் முதுகை மூடியது. சரளைக்கல்லில் அவன் செருப்பு ஓடும் சத்தம் கேட்டது, பிறகு மேட்டில் ஏறுகிறவனின் மூச்சு வாங்கும் சத்தம்.

பிறகு ஆறு மட்டும்.

"பத்தி!" என்று அவள் கத்திய கத்தலுக்குப் பனியிலிருந்து மறுகுரல் எழுந்தது. மலைகள் சூழ்ந்த இடத்தில் எழுமே, அப்படி.

டாக்டர் சிவசங்கரன் அவளைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு ஒரு குரலும் கேட்டிருக்கவில்லை. ஒரு டிரைவர் திடீரென்று ஓடியதைத்தான் அவர் பார்த்தார். அவருக்கென்று கடலிலோ மலையிலோ போய்த் திரும்பாதவர் எவரும் இல்லை போலும்.

பனி விலக வெகுநேரமானது. பிக்கப் கதவு திறந்தபடி, எஞ்சின் ஓடிக்கொண்டே நின்றது. அங்கிருந்து பத்திநாதனின் காலடித்தடம் மணலில் நேராகப் போயிற்று. மீராசாதான் அதை முதலில் கவனித்தார். கொஞ்ச தூரம் வரை முழுப் பாதம் பதிந்திருந்தது. அதற்கப்பால் விரல்களும் முன்பாதமும் மட்டும் ஆழப் பதிந்திருந்தன, குதிகால் படவேயில்லை. தட்டையான மணலில், செங்குத்தான ஏற்றத்தில் ஏறுகிறவனின் தடம். பிறகு அதுவும் இல்லை.

போலீஸ் வந்தது. தடம் பார்ப்பதில் தேர்ந்த பெதூயின் நாடோடி ஒருவரைக் கூட்டி வந்தார்கள். அவர் கடைசித் தடத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தலையைத் தூக்கி ஆகாயத்தைப் பார்த்தார். பின் "மாஃபி", ஒன்றுமில்லை, என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். கடலில் தேடினார்கள். பனியில் வழி தவறிக் கடலுக்குள் இறங்கியிருப்பான் என்று கம்பெனி முடிவு செய்தது. உவரிக்குத் தந்தி போனது. அம்மா மூத்த மருமகனுக்குச் செய்த மாதிரியே உடலில்லாத பூசை ஒன்றை இளைய மகனுக்கும் வைத்தாள்.

அடுத்த விமானத்துக்கு முன்னால் டாக்டர் சிவசங்கரன் அற்புதராணியைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் மனதில் ஏதோ அறுத்துக்கொண்டிருந்தது.

"சிஸ்டர், நீங்க முன்னாடி ஒண்ணு சொன்னீங்க, அவர் பயப்படுறார்னு. கம்பெனி கிட்ட பேசி இங்கேயே வச்சுக்க முடியும். நீங்கதான் கூட இருந்தவங்க. அவர் ஊருக்குப் போக விரும்புறாரா, இல்லையா?"

அவள் மெக்னாப்பைப் பார்த்தாள். அவருடைய இடது கண் அவள் முகத்தில் நிலைத்திருந்தது. ஒற்றைக் கையால் தரையில் ஊர்ந்து வந்து அவளைக் காப்பாற்றிய மனிதர். இந்த ஆள் மட்டும் இந்தக் கரைக்கு வராமலிருந்தால் என் தம்பி இருந்திருப்பான் என்று அவளுக்குள் ஒன்று சொல்லியது.

"விரும்புறாரு டாக்டர்" என்றாள்.

அவளே அவருக்குச் சட்டை மாட்டிவிட்டாள். தலை வாரிவிட்டாள். ஆம்புலன்ஸ் கதவு மூடும்வரை அவர் அந்த ஒரு சொல்லையும் சொல்லவில்லை. அவர் போய்ச் சேர்ந்ததைப் பற்றியோ, அதற்குப்பின் என்ன ஆனார் என்பதைப் பற்றியோ யாருக்கும் ஒரு தகவலும் வரவில்லை.

அற்புதராணி ஊருக்குப் போகவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்கும் தைரியம் அவளுக்கு இல்லை. அபுதாபிக்கு மாற்றிக்கொண்டு போய், முசஃபாவில் ஒரு தொழிலாளர் கிளினிக்கில் சேர்ந்தாள். இரும்பு நெடியும் வெல்டிங் பொறியும் நிறைந்த இடம், மலையென்று பேர்கூட இல்லாத இடம். குளிர்காலம் முழுக்க விடுப்புப் போட்டுவிட்டு அறைக்குள்ளேயே கிடந்தாள். ஜெபமாலை கையில் இருக்கும். வாய் ஜெபிக்காது.

அடுத்த ஆண்டு ஜூன் மாதம். இரும்பைத் தொட்டால் கை பொசுங்கும் மத்தியானம். கேம்புக்குப் பின்னால் மயங்கிக் கிடந்தான் என்று தியாகு என்ற வெல்டரைத் தூக்கி வந்து போட்டார்கள். சூடு தாங்காமல் விழுந்திருப்பான் என்று அவள் ஐஸ் எடுக்கத் திரும்பினாள். பிறகு அவன் நெற்றியைத் தொட்டாள்.

தொட்ட கையை இழுத்துக்கொண்டாள்.

தெர்மாமீட்டரில் பாதரசம் ஏறவில்லை. அவனுடைய கைவிரல் நுனிகள் கறுத்து, மரத்துப் போயிருந்தன. டாக்டர் அவற்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பனிமலையில் சிக்கியவர்களுக்கு வரும் என்று புத்தகத்தில் படித்திருக்கிறேன், கண்ணால் பார்த்ததில்லை என்றார். இருக்கிற போர்வைகளையெல்லாம் கொண்டுவந்து போர்த்தினார்கள்.

வெகுநேரம் கழித்து அவன் கண் விழித்தான். பற்கள் அடித்துக்கொண்டன.

"சிஸ்டர், வெளிய ஒரு பையன் நின்னான். சட்டை கிழிஞ்சு, பாக்கவே பாவமா… உங்க ஊருப் பேச்சுத்தான். தமிழ் ஆளாச்சேன்னு பக்கத்துல போனேன்."

அவள் நழுவிய போர்வையை அவன் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

"எங்க யக்காவத் தேடுதேன், எங்க இருக்கான்னு தெரியுமா அண்ணேன்னான். உங்க பேரும் சொன்னான்." தியாகு போர்வைக்குள்ளிருந்து அவளை நன்றியோடு பார்த்தான். "இங்கதான் இருக்காங்கன்னு சொல்லிட்டேன், சிஸ்டர்."